வாசலில் நின்ற இருநூற்று நாற்பது சாப்பாடு

போன வாரம் உங்கள் பேக்கிங் அறைக்கு வந்திருந்தேன். காபி கொடுத்து ஓரமாக உட்கார வைத்தீர்கள். அங்கிருந்து உங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தங்கச்சி ஒருவருக்கான சாப்பாட்டைக் கட்டினாள். சோற்றுக்கு ஒரு டப்பா, குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, கூட்டுக்கு ஒன்று, ஊறுகாய்ப் பொட்டலம், கரண்டி, கை துடைக்கக் காகிதம், எல்லாவற்றையும் போட ஒரு பை, அந்தப் பையின் வாயை ஒட்ட ஒரு ஸ்டிக்கர். கை அவ்வளவு வேகம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிளம்பும்போது உங்களில் ஒருவர், "உங்க காலத்துல எப்படிக் கட்டுனீங்க, சொல்லுங்களேன் அக்கா" என்று கேட்டீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, பதில் சொல்லாமல் வந்தது உறுத்தியது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்மார் எல்லோரும் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள். நான் ஒருத்திதான் சோறு கட்டப் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. சிவகாசியில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பதோடு மதியச் சாப்பாடும் சப்ளை செய்ய ஆரம்பித்தார். முதலில் அச்சகங்களுக்கு நாற்பது சாப்பாடு போனது. டிபன் கேரியரில் அனுப்பினோம். கேரியர் திரும்பி வராது, வந்தால் மூடி மாறியிருக்கும், கழுவ ஆள் இருக்காது. நான் பேக்கிங் பொறுப்புக்கு வந்ததும் அண்ணாச்சியிடம் போய், "இதெல்லாம் வேண்டாம், பிளாஸ்டிக் கவருக்கு மாறிடுவோம்" என்று சொன்னேன். யோசனை என்னுடையது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சாம்பாரைக் கவரில் ஊற்றி, வாயைத் திருகி, கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு முடிச்சுப் போட வேண்டும். வேனில் உருண்டாலும் ஒரு சொட்டு கசியாத முடிச்சு அது. ஏழு பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். சாம்பார், ரசம், கூட்டு, மோர், வடை ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர், எல்லாம் சேர்த்துப் போட ஒரு பை. சோற்றை மட்டும் தாளில் கட்டினோம். கவர் மட்டும் சாப்பாட்டுக்கு ஆறு. ஆறை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு யூனிட்டுகளில் வேலை நெருக்கும். விடிவதற்குள் வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பெண்கள் காலைக்குக் கொஞ்சம் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு ஓடுவார்கள். மதியத்துக்கும் சேர்த்துப் பொங்க நேரமிருக்காது. அதனால் அந்த வருடம் நான்கு யூனிட்டுகள் மதியச் சாப்பாட்டுக்கு எங்களிடம் ஆர்டர் கொடுத்தன. பெரியது விஸ்வநத்தம் பக்கம் இருந்தது. அதற்கு மட்டும் தினமும் இருநூற்று நாற்பது சாப்பாடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெரிய ஆர்டரை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் லோடு ஏற்றி இறக்குகிறவர் வரவில்லை. நானே வேனில் ஏறினேன். டிரைவர் செல்லையாவும் நானும் மட்டும். விஸ்வநத்தம் யூனிட் வாசலில் ஃபோர்மேன் கையைக் காட்டி வேனை நிறுத்தினார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், ஒல்லியான மனிதர். அவர் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. எல்லோருக்கும் அவர் ஃபோர்மேன் சார்தான்.

"வேனை அங்கனயே நிறுத்துங்க. சாப்பாடு உள்ள வரலாம்க்கா. இந்தக் கவரு ஒண்ணுகூட இனிமே உள்ள வரக்கூடாது."

"என்ன சார் இது, இத்தன நாளா வந்துக்கிட்டுத்தான இருக்கு?"

"வந்துச்சு. நானும் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன். என் தப்புதான். இன்னைக்குக் காலைல கண்ணால பாத்த பெறகு இருக்க முடியல."

அவர் பார்த்தது இதுதான். பெண்கள் வடையைச் சாப்பிட மாட்டார்கள். பிள்ளைக்கு என்று கவரோடு இடுப்பில் செருகிக்கொள்வார்கள். காலியான கவரையும் தூக்கிப் போட மனமில்லாமல் மடித்து வைத்துக்கொள்வார்கள். அன்று காலையில் ஒரு பெண், குழாய்க்குள் மருந்து செலுத்துகிற அறையின் படியில் நின்று, முந்தின நாள் கவரை எடுத்து உதறியிருக்கிறாள். அது அவள் முழங்கையில் போய் ஒட்டிக்கொண்டது. உதற உதறப் போகவில்லை. மருந்து என்றால் அங்கே வெடிமருந்துதான்.

எனக்கு விளங்கவில்லை. கவர் கையில் ஒட்டினால் என்ன? அவர் வேனிலிருந்து ஒரு காலிப் பையை எடுத்தார். ஒரு பழைய நாளிதழின் ஓரத்தைப் பொடிப்பொடியாகக் கிழித்து, காவல்காரர் உட்காரும் சிமென்ட் மேடையில் போட்டார். பையைத் தன் பருத்திச் சட்டையில் நாலு தேய் தேய்த்து அதன் மேலே பிடித்தார். காகிதத் துணுக்குகள் துள்ளி எழுந்து பையில் ஒட்டிக்கொண்டன.

"காத்துல ஈரமே இல்லக்கா. இப்பத் துள்ளுனது காயிதம். உள்ள கெடக்கிறது மருந்து. இப்படி ஒரசுற கவருல வர்ற ஒரு பொறிக்காக அது காத்துக்கிட்டுக் கெடக்கு. நைலான் சேலை கட்டி வந்தாத் திருப்பி அனுப்புறோம். இதை மட்டும் வேன்ல வச்சு உள்ள வரைக்கும் வரவழைச்சிருக்கோம்."

நான் அப்போதே தலைவணங்கினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு முதலில் வந்தது கோபம். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. வேப்பமரங்களுக்கு அடியில் பெண்கள் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் மூன்று யூனிட்டுக்குச் சாப்பாடு போக வேண்டும். "அப்ப உங்க ஆளுக பட்டினி கெடக்கட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "பசியோட வீட்டுக்குப் போகட்டும்க்கா. போனாப் போதும்."

செல்லையா என் பக்கம் குனிந்து, "வண்டியத் திருப்பிருவமாக்கா? அண்ணாச்சிகிட்டச் சொல்லிக்கிடலாம்" என்றார். திருப்பியிருக்கலாம். தவறு எங்கள் மேல் இல்லை, அவர்கள்தான் வாங்க மறுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் நான் வேனை விட்டு இறங்கியதற்கு என்ன காரணம் என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. அந்தக் காகிதத் துணுக்குகள் துள்ளியதைப் பார்த்த பிறகு வேனுக்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இறங்கினேனே தவிர, அடுத்து என்ன செய்வதென்று புரியவில்லை. தட்டு இல்லை, இலை இல்லை, அண்டா இல்லை. சோறும் குழம்பும் இருக்கின்றன, போட்டுக்கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

வழி சொன்னது ஒரு பெண். முத்துலட்சுமி என்று பெயர், முப்பது வயது இருக்கும். வாசல்வரை நடந்து வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அக்கா, காலைல கஞ்சி கொண்டாந்த தூக்குவாளி சும்மாத்தான கெடக்கு? கழுவிட்டு வந்து நிக்கோம். நீங்க வெளிய இங்கன வச்சே கவரப் பிரிச்சு ஊத்துங்க. மூடில கூட்டு வச்சுக்கிடுதோம்."

அவ்வளவு எளிதாக இருந்தது அது. இருநூற்று நாற்பது பேரிடமும் ஆளுக்கொரு பாத்திரம் இருந்திருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை காலியாகக் கிடந்திருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே நான் தினமும் ஆறு ஆறு கவராக இறக்கிக்கொண்டிருந்தேன்.

வரிசையாக வந்து நின்றார்கள். நான், செல்லையா, முத்துலட்சுமியோடு இன்னும் நாலு பெண்கள் உட்கார்ந்து பிரித்தோம். பிரிக்கத்தான் முடியவில்லை. நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. பல்லால் கடித்தோம், நகத்தால் கிழித்தோம். கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் என் மணிக்கட்டில் கொட்டித் தோல் வழன்றது. அரை மணி நேர இடைவேளை போதவில்லை. ஃபோர்மேன் யாரையும் கேட்காமல், "கடைசி ஆளு சாப்பிட்டு முடிக்கவரைக்கும் ரூமைத் தொறக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சீசன் நேரத்தில் அப்படிச் சொல்வது அவர் வேலைக்கே ஆபத்து. அது எனக்கு அன்று தெரியாது.

எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே ஒரு குவியல். சாம்பார் வழிந்து, ஈ மொய்த்து, காற்றில் ஊதி ஊதி அடங்கியது. என் இடுப்பு உயரம் இருந்தது. சில கவர்கள் பறந்துபோய் வேலிக்கருவை முள்ளில் மாட்டிக்கொண்டன. "ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டுப் போயிருங்கக்கா" என்றார் அவர். பொறுக்கினோம். வேனில் ஏற்றியபோது, வரும்போது சாப்பாடு பிடித்திருந்ததைவிட அதிக இடத்தைக் கவர்கள் பிடித்தன. முழங்கால் வரை கவருக்குள் உட்கார்ந்துதான் நான் சிவகாசி வந்தேன். மற்ற மூன்று யூனிட்டுகளுக்கு அன்று ரொம்பத் தாமதமாகத்தான் சாப்பாடு போனது. அங்கேயும் வாசலில் நின்றபடியே எல்லோரையும் பாத்திரம் கொண்டுவரச் சொன்னேன். பாத்திரம் இல்லாதவர்களுக்குச் சோற்றைக் கட்டியிருந்த தாளையே விரித்துக்கொடுத்தேன்.

அந்தக் குவியல் புதிதாக அன்றைக்கு உண்டானதில்லை. தினமும் அதே அளவு நான் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். இருநூற்று நாற்பது வீட்டு வாசலில், ஓடையில், கண்மாய்க்கரையில், மாட்டின் வயிற்றில் பிரிந்து கிடந்ததால் என் கண்ணுக்குப் படவில்லை. நம் தொழிலில் குப்பை நம் மேசையில் விழுவதில்லை, இன்னொருவர் வீட்டில் போய் விழுகிறது. ஒரு நாள் சாப்பாட்டின் குப்பை முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டிப் பாருங்கள். நான் சொல்வது அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

சாயங்காலம் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். ஏசுவார் என்றே நினைத்தேன். அவர் என் கையில் கட்டுப்போட்டிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு என்ன செய்யப் போறீக?" என்று மட்டும் கேட்டார். வாடகைப் பாத்திரக் கடையில் அண்டா எடுத்து, மொத்தமாகக் கொண்டுபோய், வாசலில் வைத்து அவரவர் பாத்திரத்தில் பரிமாறலாம் என்றேன். தலையாட்டினார்.

"சரி. விஸ்வநத்தத்துக்கு மட்டும் அப்படிப் போகட்டும். மத்த மூணு யூனிட்டும் ஒண்ணும் சொல்லலைல? சீசன் முடியட்டும்மா. ஆளுக்கும் நேரத்துக்கும் எங்கிட்டுப் போக?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. யாரும் நம்மைத் தடுக்கவில்லை. தடுக்கிற ஆள் அங்கே இல்லை, அவ்வளவுதான். "அண்ணாச்சி, அந்த மூணு யூனிட்டுலயும் இருக்கிறது அதே மருந்துதான்" என்றேன்.

அவர் உள்ளே திரும்பி, "ஏலே, பாத்திரக் கடைக்காரருகிட்ட நாலு செட்டு அண்டா கேளு. கல்யாண ஆர்டர் இருந்தாலும் நமக்குத்தான் மொதல்லன்னு சொல்லு" என்று சத்தம் போட்டார். அவரைப் பற்றி இன்று யார் என்ன சொன்னாலும், எனக்கு அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. நான் ஒரு வரி சொன்னதுமே என்னை நம்பியவர் அவர்.

இனி எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அடுத்த நாளே இரண்டு தப்புச் செய்தேன்.

முதல் தப்பு வடை. பிள்ளைக்கு வடை கொண்டுபோக ஏதாவது வேண்டுமே என்று, காலண்டர் அச்சடிக்கிற இடத்தில் வீணாகக் கிடந்த தாளை வாங்கி வந்து துண்டு போட்டு அதில் மடித்துக் கொடுத்தேன். சிவகாசியில் அந்தத் தாளுக்கா பஞ்சம்? பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டோம் என்ற மிதப்பு எனக்கு. மறுநாள் ஒரு பெண் வடையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எம்மவன் திங்க மாட்டேங்கான். வடையில மயிலு ஒட்டியிருக்காம்."

பார்த்தேன். எண்ணெய் இழுத்து மையெல்லாம் வடையில் ஏறியிருந்தது. மயில் கழுத்தின் நீலமும் பச்சையும் அப்படியே இருந்தன. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் இருநூற்று நாற்பது வீட்டுப் பிள்ளைகளுக்கு அச்சு மையைத் தின்னக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையன் வேண்டாமென்று சொன்னான், மற்றவர்கள் தின்றிருப்பார்கள். அன்று பிற்பகலே மார்க்கெட்டுக்குப் போய் வாழைச் சருகு கட்டுக்கட்டாக வாங்கி வந்தேன். தண்ணீர் தெளித்து நனைத்து வைத்தால் மடிக்கும்போது உடையாது. ஒரு குப்பையை விரட்டுகிற அவசரத்தில் இன்னொரு விஷத்தை உள்ளே கூப்பிடாதீர்கள். புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் முதலில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதில் மடித்துக் கொடுங்கள். மனசு ஒப்பினால் அனுப்புங்கள்.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. அண்டாவில் கொண்டுபோய்ப் பரிமாறிய முதல் நாள், வரிசையின் கடைசி முப்பது பேருக்குக் கூட்டு இல்லை. கடைசி ஆளுக்குச் சாம்பாரும் அடிமண்டிதான். அவர்கள் ஒன்றும் பேசாமல் வெறுஞ்சோற்றை மோர் ஊற்றிச் சாப்பிட்டார்கள். பேசியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. கவர் வெறும் கவராக இருந்திருக்கவில்லை. அதுதான் அளந்து கொடுத்தது. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே அளவு. முகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்காது. கவரைத் தூக்கி எறிந்த நான் அது பார்த்துவந்த வேலையையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டேன்.

ஒரு கவர் சாம்பாரை எடுத்துக் கரண்டியால் அளந்து பார்த்தேன். ஒன்றரைக் கரண்டி வந்தது. பாத்திரக் கடையில் தேடி, ஒரு முறை மொண்டால் அதே அளவு வருகிற கரண்டி ஒன்றை எடுத்தேன். கூட்டுக்கும் அப்படியே ஒன்று. அடுத்த நாளிலிருந்து யாருக்கும் குறையவில்லை. நீங்கள் ஒரு டப்பாவை நிறுத்துவதற்கு முன்னால், அந்த டப்பா என்னென்ன வேலை பார்க்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சூட்டைக் காக்கிறதா, அளக்கிறதா, சிந்தாமல் பிடிக்கிறதா, திருடு போகாமல் காக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதி, அந்த வேலைக்கெல்லாம் வேறு ஆள் வைத்துவிட்டு டப்பாவை அனுப்புங்கள்.

அந்தத் தாளில் நான் எழுதாமல் விட்ட வேலை ஒன்று இருந்தது. மூன்றாம் நாள் தெரிந்தது.

கரண்டியை முத்துலட்சுமியிடம் கொடுத்திருந்தேன். அவள் கை அளவு பிசகாது, யாரையும் காக்க வைக்காது. வரிசையில் ஒருவர் அவள் முன்னால் வந்ததும் தூக்குவாளியின் மூடியைத் திறக்காமல் நின்றார். "ஊத்த அங்கிட்டு வேற ஆளில்லையா?" என்று கேட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவர் முத்துலட்சுமியின் சாதியைச் சொல்கிறார். கவர் இருந்தவரை யார் கை பட்டது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதையும் கவர் மூடி வைத்திருந்தது. இப்போது கரண்டியைப் பிடித்த கை எல்லோருக்கும் தெரிந்தது.

வரிசை நின்றுவிட்டது. வெயில் தலையைப் பிளந்தது. என் கை தானாகக் கரண்டியை நோக்கிப் போனது. சண்டை வேண்டாம், நேரமாகிறது, இன்றைக்கு நானே ஊற்றிவிட்டால் முடிந்தது என்று மனசு சொன்னது. முப்பது வருடம் வேதாகம வகுப்பில் உட்கார்ந்தவள் நான். என் கை அங்கேதான் போனது.

முத்துலட்சுமி கரண்டியை விடவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நான் ஒழுங்காத்தான ஊத்துதேன்?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். செல்லையாவின் தட்டை வாங்கிக்கொண்டு அந்த மனிதருக்கு முன்னால் போய் நின்றேன். "எனக்கு ஊத்து முத்துலட்சுமி. காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றேன். ஊற்றினாள். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. ஃபோர்மேன். அவர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறவர். அதை மூடி வைத்துவிட்டு வெறும் டப்பா மூடியோடு வந்திருந்தார். "எனக்கும் ஒரு கரண்டிம்மா." அதற்குப் பிறகு வரிசை நகர்ந்தது.

அந்த ஆளை நாங்கள் மாற்றிவிட்டோம் என்று சொன்னால் அது பொய். சீசன் முடியும்வரை அவர் வீட்டிலிருந்தே சோறு கொண்டுவந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அது அவர் பாடு. ஆனால் கரண்டி கை மாறவில்லை. அன்று நான் அதை வாங்கியிருந்தால், ஒரு பிளாஸ்டிக்கை ஒழித்து அதைவிட அழுக்கான ஒன்றை நடு வாசலில் நட்டு வைத்தவளாகியிருப்பேன். என்னைக் காப்பாற்றியவள் முத்துலட்சுமி. ஒரு வரியில் காப்பாற்றினாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. நன்றி என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எத்தனையோ மேடையில், ஜெபத்தில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருகிற முகம் அவளுடையது.

மளிகைப் பக்கமும் இதே உற்சாகத்தோடு போனேன். பருப்பு, அரிசி, மிளகாய் வற்றலை வீட்டுக்காரர்களின் டின்னிலேயே அளந்து கொடுத்தோம். பையன்கள் தராசைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பெண்கள் கண்ணெதிரே நிறுப்பதைப் பார்த்துப் பிரியப்பட்டு வாங்கினார்கள். எண்ணெய் மட்டும் தோற்றுப்போனது. ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் வைத்திருந்த டின்னைக் கழுவாமல் நீட்ட, எங்கள் ஆளும் மோந்து பார்க்காமல் கடலை எண்ணெயை ஊற்றிவிட்டான். நல்லவேளையாகக் கடாயில் ஊற்றும்போதே வாடை காட்டிக்கொடுத்தது. எண்ணெயை மறுபடியும் பாக்கெட்டிலேயே கொடுத்தோம். அதில் எனக்கு வெட்கமில்லை. குறைக்க முடிந்ததைக் குறைத்தோம், முடியாததை முடியாது என்று வீட்டுக்காரர்களிடமே சொன்னோம். எல்லாவற்றையும் ஒழித்துவிட்டதாகப் பலகை எழுதி மாட்டவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் விஸ்வநத்தம் யூனிட்டில் சீசன் முடிந்தது. அன்று கடைசிச் சாப்பாடு, பாயசத்தோடு. மதியத்துக்கு மேல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நான் அண்டாக்களைக் கழுவி வேனில் ஏற்றிவிட்டு, ஃபோர்மேனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வாசலுக்கு வந்தேன். கையில் வெந்த புண் அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அவர் வாசல் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். பெண்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஒயர்க்கூடையும் தூக்குவாளியும் கையில், தலையில் பூ. "வாரோம் சார்", "போயிட்டு வாரேன் சார்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அவர் யாருக்கும் வாய் திறந்து பதில் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுத்தபோது, பொறுங்கள் என்று இன்னொரு கையைக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்றேன். முத்துலட்சுமி போகும்போது என் கையைப் பிடித்து, "அடுத்த சீசனுக்கும் நீங்கதான வருவீக?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வேனைப் பிடிக்க ஓடினாள்.

கடைசி ஆள் போனதும் அவர் வாசலைச் சாத்தினார். சிமென்ட் மேடையில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"போன வருசம் வேற யூனிட்டுல இருந்தேன்க்கா" என்றார். "அங்க இந்த மாதிரி நின்னு அம்புட்டுப் பேரையும் எண்ணி அனுப்பக் குடுத்து வைக்கல."

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"சாப்பிட்டீகளா சார்?" என்றேன்.

சாலையில் வேன்கள் போன பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இல்லக்கா. இப்பத்தான் பசிக்குது."